மயில் வந்த வழி: இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவும் தமிழ்ப் பார்வையாளரும்

சர்வதேசத் திரைப்பட விழா என்பது விருது வழங்கும் மேடையாகவே செய்தித்தாள்களில் பெரிதும் அறியப்படுகிறது. ஆனால் அதன் அடிப்படை வேலை வேறு. ஒரு நாட்டின் வணிகத் திரையரங்குகள் ஒருபோதும் தருவிக்காத படங்களை, சில நாட்களுக்கு மட்டும், அந்நாட்டுப் பார்வையாளர் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதே அந்த வேலை. விருது, நட்சத்திர வருகை, வியாபாரச் சந்தை ஆகியவை அதன்மேல் பிற்காலத்தில் படிந்த அடுக்குகள். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 1952இல் தொடங்கி இன்று கோவாவின் பணஜியில் ஆண்டுதோறும் நடைபெறும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவின் வரலாற்றில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதன் உயரிய பரிசான தங்க மயில் விருதை யார் வென்றார் என்பதன்று. படங்கள் எந்த ஊர்வரை வந்தன, எந்த ஊரோடு நின்றன என்பதே. கடலூர் மாவட்டத்தின் வெள்ளாற்றங்கரையில், விருத்தாசலத்துக்கும் தொழுதூருக்கும் இடையே இருக்கும் திட்டக்குடி போன்ற ஒரு வட்டத் தலைநகரிலிருந்து பார்க்கும்போது இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை கிடைக்கிறது.

திரைப்பட விழா என்ற அமைப்பு ஐரோப்பாவில் அரசியலோடு சேர்ந்தே பிறந்தது. 1932இல் முசோலினியின் இத்தாலியில் தொடங்கிய வெனிஸ் விழாவே இவ்வகையில் முதலாவது. 1938இல் அங்கு உயரிய பரிசுகள் ஜெர்மானிய, இத்தாலியப் பிரசாரத் தேவைகளுக்கு ஏற்ற படங்களுக்குப் போய்ச் சேர்ந்ததால் எழுந்த அதிருப்தியே கான் விழாவுக்கு வித்திட்டது. 1939 செப்டம்பரில் தொடங்கவிருந்த அந்த விழா, போர் மூண்டதால் தள்ளிப்போய் 1946இல்தான் முறையாக நடந்தது. 1951இல் தொடங்கிய பெர்லின் விழா, பிளவுண்ட நகரத்தின் மேற்குப் பகுதியில் மேற்குலகம் வைத்த காட்சிச் சாளரமாக விளங்கியது. இந்தியப் படங்களும் இந்த வழிகளில் முன்பே பயணம் செய்திருந்தன. மராத்தியப் படமான 'சந்த் துக்காராம்' 1937இல் வெனிஸில் பாராட்டுப் பெற்றது. சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' 1946இல் கான் விழாவின் உயரிய பரிசைப் பிற படங்களுடன் பகிர்ந்துகொண்டது. ஆனால் வெளியே போன படங்களுக்கு ஈடாக உள்ளே வந்தவை பெரும்பாலும் ஹாலிவுட் படங்களும் சில பிரிட்டிஷ் படங்களுமே.

அந்த ஒருவழிப் போக்கை 1952 ஜனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கிய முதல் விழா உடைத்தது. ஆசியாவில் நடந்த இவ்வகை விழாக்களில் முதலாவதாகக் கருதப்படும் அதை, நேருவின் ஆதரவுடன், அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் நடத்தியது. 23 நாடுகளிலிருந்து சுமார் 40 முழுநீளப் படங்களும் 100 குறும்படங்களும் வந்தன. இந்தியாவின் சார்பில் இந்தியில் 'ஆவாரா', தெலுங்கில் 'பாதாள பைரவி', மராத்தியில் 'அமர் பூபாளி', வங்காளத்தில் 'பாப்லா' ஆகியவை இடம்பெற்றன. தமிழ்ப் படம் எதுவும் அந்த நான்கில் இல்லை. சென்னை அப்போதே நாட்டின் முன்னணிப் படத் தயாரிப்பு மையங்களில் ஒன்றாக இருந்தது என்பதையும், 'பாதாள பைரவி' சென்னையில் உருவான படம் என்பதையும் நினைத்துப் பார்த்தால் இந்த விடுபடல் உறுத்தவே செய்கிறது. எனினும் அதைவிட முக்கியமான செய்தி, அந்த விழாவுக்குப் போட்டிப் பிரிவும் இல்லை, நிலையான ஊரும் இல்லை என்பது. பம்பாயில் முடிந்ததும் படப்பெட்டிகள் சென்னை, டெல்லி, கல்கத்தா, திருவனந்தபுரம் என்று அடுத்தடுத்த நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. முதல் விழா, சொல்லப்போனால், ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுவைப் போலவே இயங்கியது.

அந்தப் பெட்டிகளில் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'மிராக்கிள் இன் மிலான்', ரோசெல்லினியின் 'ரோம் ஓபன் சிட்டி' முதலிய இத்தாலிய நியோ ரியலிசப் படங்கள் இருந்தன. போருக்குப் பிந்தைய வறுமையை, அரங்கச் செட்டுகளுக்கு வெளியே, தெருக்களிலேயே, பெரும்பாலும் தொழில்முறை சாராத நடிகர்களைக் கொண்டு படமாக்கிய இந்த மரபைத்தான் நியோ ரியலிசம் என்பர். வட இந்தியாவில் இதன் விளைவு பலமுறை எழுதப்பட்டுவிட்டது: பிமல் ராய் அடுத்த ஆண்டே 'தோ பிகா ஜமீன்' எடுத்தார்; அது 1954இல் கானில் பரிசு பெற்றது. சத்யஜித் ராய் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தை 1950இலேயே லண்டனில் பார்த்துவிட்டார் என்பதால் 'பதேர் பாஞ்சாலி'யை இந்த விழாவின் கணக்கில் எழுதிவிட முடியாது. லண்டனுக்குப் போக வாய்க்காதவர்களுக்காகவே விழா தேவைப்பட்டது.

தமிழில் விளைவு வேறு வடிவம் எடுத்தது. வீணைக் கலைஞரும் இயக்குநருமான எஸ். பாலசந்தர், 1950களின் தொடக்கத்தில் ஒரு திரைப்பட விழாவில் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்தைப் பார்த்தார். அந்தப் படம் வெளியுலகுக்கு வந்த கதையே விழாக்களின் இயக்கத்தை விளக்கப் போதுமானது. டோக்கியோவில் பணியாற்றிய ஜூலியானா ஸ்ட்ராமிஜோலி என்ற இத்தாலியப் பெண்மணி பரிந்துரைத்ததால், தயாரித்த நிறுவனத்துக்கே பெரிய நம்பிக்கை இல்லாத நிலையில், 1951இல் அது வெனிஸுக்குச் சென்று தங்கச் சிங்கம் வென்றது; அதன்பிறகே ஜப்பானிய சினிமா என்ற ஒன்று இருப்பதை மேற்குலகம் கவனித்தது. ஒரே நிகழ்வைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அந்தக் கதைகூறல் முறையில் பாலசந்தர் ஒரு நாடகம் எழுதி வானொலிக்கு அனுப்ப, அது ஏற்கப்படவில்லை. பிறகு ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரின் தயாரிப்பில், ஜாவர் சீதாராமனின் வசனத்துடன், சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடிக்க, 1954இல் 'அந்த நாள்' வெளிவந்தது.

பாடல், நடனம், சண்டை மூன்றும் இல்லாத படம் அது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாளில் ஒரு வானொலிப் பொறியாளர் கொலையாவதும், ஐந்து பேர் மீது சந்தேகம் விழுவதும் கதை. உண்மையை எட்ட முடியாமலே விட்டுவிடுவது குரோசாவாவின் நோக்கம். தமிழ்ப் படமோ கொலையாளியைத் திட்டவட்டமாகக் கண்டுபிடித்து, நாட்டுப்பற்றின் தராசில் நிறுத்தித் தீர்ப்பும் எழுதிவிடுகிறது. அதனால்தான் அதன் கட்டமைப்பு 'ராஷோமோன்' படத்தைவிட, 1950இல் வெளியான அந்தோனி ஆஸ்க்வித்தின் பிரிட்டிஷ் படமான 'தி வுமன் இன் கொஸ்டியன்' படத்துக்கு நெருக்கமானது என்ற கருத்தும் எழுந்தது. எப்படியிருப்பினும், ஒரு விழாக்காட்சி தமிழ்ப் படைப்பாளி ஒருவரிடம் ஏற்படுத்திய அதிர்வு, சில ஆண்டுகளுக்குள், பட்டிதொட்டி வரை சுருள் போகக்கூடிய ஒரு படமாக மாறியது. தேசிய விருதுகளில் அதற்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. வசூல் பெரிதாக இல்லை என்றே சொல்லப்படுகிறது; பாடல் இல்லாத தமிழ்ப் படம் என்ற சோதனையை அதற்குப் பின் நெடுங்காலம் அதிகம் பேர் செய்து பார்க்கவில்லை என்பதும் அதையே காட்டுகிறது.

முதல் விழாவுக்கும் இரண்டாவதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1961இல் டெல்லியில் நடந்த இரண்டாம் விழாவிலும் போட்டி இல்லை. 1965 ஜனவரியில், மீண்டும் டெல்லியில் நடந்த மூன்றாம் விழாதான் போட்டி விழாவாக மாறியது. இங்கே ஒரு நிறுவனத்தைக் குறிப்பிட வேண்டும். திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, ஃபியாப்ஃப் என்ற சுருக்கப் பெயருடன் இயங்குவது. எந்த விழாவைப் போட்டி விழாவாக ஏற்பது என்ற அங்கீகாரத்தை வழங்குவது அதுவே. அந்த அங்கீகாரத்துடன், சத்யஜித் ராய் தலைமையிலான நடுவர் குழு 1965இல் முதல் தங்க மயிலை வழங்கியது. அது சென்றது இலங்கைக்கு. மார்ட்டின் விக்ரமசிங்கவின் சிங்கள நாவலைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'கம்பெரலிய', ஒரு கிராமத்து நிலவுடைமைக் குடும்பம் மெல்லச் சிதைவதைச் சொல்லும் படம். அண்டை நாட்டின் சிறிய திரைத்துறைக்கு உலக மேடையில் அங்கீகாரம் தந்த இந்த முடிவு, இந்திய விழாவின் ஆரம்பகாலத் தீர்ப்புகளில் மிகச் சிறந்தது எனத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

1973இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின்கீழ் திரைப்பட விழாக்கள் இயக்குநரகம் அமைந்தபின் விழா ஒழுங்கான காலமுறைக்கு வந்தது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து ஓராண்டு டெல்லியில் போட்டி விழா, மறு ஆண்டு வேறொரு நகரில் போட்டியற்ற 'ஃபிலிமோத்சவ்' என்று முறை வகுக்கப்பட்டது. இரண்டின் குணமும் வேறு. 1977இல் டெல்லிக்கு குரோசாவா, அந்தோனியோனி, எலியா கசான் ஆகியோர் வந்தனர்; தாஜ்மகால் முன் குரோசாவாவும் அந்தோனியோனியும் சத்யஜித் ராயுடன் நிற்கும் புகைப்படம் இன்றும் பரவலாகப் பகிரப்படுகிறது. ஃபிலிமோத்சவ் அப்படிப்பட்ட பகட்டு குறைந்தது. ஆனால் பம்பாய், சென்னை, பெங்களூர், கல்கத்தா, ஐதராபாத், திருவனந்தபுரம் என்று படத்தொழில் வேரூன்றிய நகரங்களைத் தேடிப் போனது. 1978இல் அது சென்னைக்கு வந்தது. அந்தந்த ஆண்டின் சிறந்த இந்தியப் படங்களைத் தொகுத்துக் காட்டும் 'இந்தியன் பனோரமா' பிரிவு தொடங்கியதும் அதே 1978இல்தான். ஃபிலிமோத்சவ் என்ற தனிப்பெயர் கைவிடப்பட்டு எல்லாம் ஒரே விழாவானபின், 1991 ஜனவரியில் விழா மீண்டும் ஒருமுறை சென்னையில் நடந்தது.

இந்தக் காலத்தில், விழா நடக்காத ஆண்டுகளிலும் நடக்காத ஊர்களிலும் அதன் வேலையைச் செய்தவை திரைப்படச் சங்கங்கள். உறுப்பினர்கள் சந்தா கட்டி, தூதரகங்களிடமிருந்தும் 1964இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திடமிருந்தும் படங்களைப் பெற்றுத் திரையிடும் அமைப்புகள் இவை. சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு 1959இல் உருவான இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு இவற்றை இணைத்தது. தமிழகத்தின் சிறு நகரங்களில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் சங்கம் நடத்திய உலகத் திரைப்பட விழாக்கள், திருமண மண்டபங்களையும் பள்ளி அரங்குகளையும் சில நாட்களுக்குத் திரையரங்காக மாற்றின. இன்னொரு வழி தொலைக்காட்சி. 1980களின் பிற்பகுதியில் ஞாயிறு பிற்பகல்களில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய பிறமொழி விருதுப் படங்கள், கடலூர் மாவட்டத்தின் உள்ளூர்களில் ஆன்டெனா கட்டிய வீடுகளுக்கு வங்காளத்தையும் கேரளத்தையும் சப்டைட்டிலுடன் கொண்டுவந்தன. மாலையில் வரும் தமிழ்ப் படத்துக்காகக் காத்திருந்தவர்களில் பலர் அவற்றை உறக்கத்துக்கான நேரமாகவே கருதினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்திரா பார்த்தசாரதியின் கதையிலிருந்து சேதுமாதவன் இயக்கி, சிறந்த படத்துக்கான தேசிய விருதான தங்கத் தாமரையைப் பெற்ற முதல் தமிழ்ப் படமான 'மறுபக்கம்' தமிழ்நாட்டுப் பார்வையாளரை அடைந்ததும் திரையரங்கு வழியாக அன்று, தூர்தர்ஷன் வழியாகத்தான்.

விழாப் படங்கள் ஏன் இப்படிச் சுற்றுவழிகளில் மட்டுமே வர வேண்டியிருந்தது என்பதற்கு ரசனை சார்ந்த விளக்கங்களே பெரும்பாலும் தரப்படுகின்றன. சட்டம் சார்ந்த விளக்கம் அதற்கு முன்னால் நிற்கிறது. முதல் விழா நடந்த அதே 1952இல்தான் திரைப்படச் சட்டமும் இயற்றப்பட்டது. அதன்படி தணிக்கைச் சான்றிதழ் இல்லாத எந்தப் படத்தையும் பொதுமக்களுக்குத் திரையிட இயலாது. ஒரு வாரம் மட்டும் நாட்டுக்குள் இருக்கப்போகும் நூற்றுக்கணக்கான அயல்மொழிப் படங்களுக்கு ஒவ்வொன்றாகச் சான்றிதழ் பெறுவது நடைமுறையில் ஆகாத காரியம். எனவே சட்டத்தின் 9ஆம் பிரிவு மைய அரசுக்குத் தரும் விலக்களிக்கும் அதிகாரத்தை விழாக்கள் நாடுகின்றன. விலக்கு நிபந்தனையுடன் வருகிறது: படத்தைப் பார்ப்பவர் பதிவுசெய்து அடையாள அட்டை பெற்ற பிரதிநிதியாக இருக்க வேண்டும். 'டெலிகேட் பாஸ்' என்று கழுத்தில் தொங்கும் அந்த அட்டை, விழா உலகில் பெருமைக்குரிய அடையாளமாகக் கருதப்பட்டாலும், சட்டத்தின் கண்ணில் அது பொதுமக்களிலிருந்து ஒருவரைப் பிரித்துக்காட்டும் சீட்டு. வெட்டுப்படாத படத்தை அவர் பார்க்கலாம். அதே படத்தை, அதே வாரத்தில், கட்டணம் பெற்றுக்கொண்டு விருத்தாசலத்திலோ திட்டக்குடியிலோ ஒரு திரையரங்கு காட்டினால் அது குற்றம்.

உலகில் எல்லா விழாவும் இப்படி இல்லை. கான் விழா முதன்மையாகத் துறை சார்ந்தவர்களுக்கானதுதான். ஆனால் பெர்லின் விழா சாதாரணப் பார்வையாளருக்கு வழக்கமான ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகளை விற்கிறது. டொரன்டோவில் மிகவும் எதிர்பார்க்கப்படும் பரிசே பார்வையாளர் வாக்களித்துத் தருவது. இந்தியா கானைப் போலக் கடற்கரை நகரை நாடியபோது, பெர்லினின் வாசல் எண்ணிக்கையை அல்ல, கானின் தோற்றத்தையே மனத்தில் கொண்டிருந்தது.

2004இல் விழா கோவாவுக்கு நகர்ந்தது. பிறகு அதுவே நிலையான இடமாக அறிவிக்கப்பட்டது. முதல்வர் மனோகர் பாரிக்கரின் அரசு இதற்கென கோவா பொழுதுபோக்குச் சங்கம் என்ற அமைப்பை உருவாக்கி, பணஜியின் பழைய மருத்துவக் கல்லூரி வளாகத்தைப் புதுப்பித்து, அருகிலேயே பல்திரை அரங்கு ஒன்றையும் எழுப்பியது. ஆண்டுக்கொரு நகரில் அரங்குகளைத் தேடி, திரையிடும் கருவிகளை வாடகைக்கு எடுத்து, புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த ஒரு நிர்வாகத்துக்கு நிலையான இடம் பெரிய விடுதலை. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் கோவாவின் சொந்தத் திரைத்துறை மிகச் சிறியது. சென்னை, கொல்கத்தா, திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் உதவி இயக்குநர்களும் படத்தொகுப்பாளர்களும் கல்லூரி மாணவர்களும் வேலைக்கு நடுவே ஒரு காட்சிக்கு ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பும் வாய்ப்பு, பயணச்செலவும் விடுப்பும் கேட்கும் ஒரு யாத்திரையாக மாறியது. பாலசந்தருக்கு நேர்ந்ததைப் போன்ற தற்செயல், விமானச் சீட்டெடுத்துப் போகும் இடத்தில் அரிதாகவே நேரும்.

மாநிலங்கள் இந்த வெற்றிடத்தை முன்கூட்டியே உணர்ந்ததுபோலச் செயல்பட்டன. கொல்கத்தா 1995இலும் கேரளம் 1996இலும் தத்தம் சர்வதேச விழாக்களைத் தொடங்கின. கேரளத்தில் அரசே அதற்குரிய அகாதமியை அமைத்து நடத்த, ஊர் ஊராகத் திரைப்படச் சங்கங்களில் பழகிய பார்வையாளர் திருவனந்தபுரத்தில் திரண்டனர். சென்னையில் 2003இல் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் என்ற திரைப்படச் சங்கம் தொடங்கிய சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, பின்னர் மாநில அரசின் நிதியுதவியும் பெற்று, தமிழ்ப் படங்களுக்குத் தனிப் போட்டியும் நடத்திவருகிறது. 2015 டிசம்பரில் பெருவெள்ளம் காரணமாக அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போனாலும் அந்த ஆண்டும் அது நின்றுவிடவில்லை. பெரும் தமிழ்த் திரைத்துறையின் அளவோடு ஒப்பிட்டால் இந்த விழா மிக எளியது. அதன் பழுதைவிட அதன் நீடிப்புத்தான் வியப்பளிக்கிறது.

பணஜி விழாவின் உள்ளியக்கம் மூன்று கிளைகளாக நடக்கிறது. முதலாவது சர்வதேசப் போட்டி: சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டும், பிறகு ஆசியப் படங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டும், இப்போது எல்லா நாடுகளுக்கும் திறந்தும் இருக்கும் இப்பிரிவில் ஏறத்தாழ 15 படங்கள் இடம்பெறுகின்றன, தங்க மயிலுடன் வரும் 40 லட்சம் ரூபாய் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. இரண்டாவது இந்தியன் பனோரமா: துறை சார்ந்தவர்களைக் கொண்ட நடுவர் குழு, ஆங்கில சப்டைட்டிலுடன் வரும் பல மொழிப் படங்களைப் பார்த்து, முழுநீளப் படங்களில் சுமார் 25ஐயும் அவ்வகை சாராதவற்றில் சுமார் 20ஐயும் தேர்வுசெய்கிறது. மூன்றாவது, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007இல் ஃபிலிம் பஜார் என்ற பெயரில் தொடங்கிய சந்தை; முடியாத படங்களுக்கும் எழுதப்படும் திரைக்கதைகளுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளரைத் தேடித்தரும் இடம். 'தி லஞ்ச்பாக்ஸ்', 'தித்லி' ஆகியவை அந்த வழியாக வந்தவை. 2022இல் விழா இயக்குநரகமே இக்கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது.

இந்த அமைப்பின் பலவீனம், நடுவர் குழுவின் முடிவுக்கும் அமைச்சகத்தின் விருப்பத்துக்கும் இடையே தெளிவான கோடு இல்லாததே. 2017இல் பனோரமா நடுவர் குழு தேர்ந்தெடுத்த மலையாளப் படமான 'எஸ் துர்கா', மராத்தியப் படமான 'நியூட்' இரண்டையும் அமைச்சகம் பட்டியலிலிருந்து நீக்கியது. குழுவின் தலைவர் சுஜோய் கோஷ் பதவி விலகினார். 'எஸ் துர்கா'வைத் திரையிடுமாறு கேரள உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பின்னும், தணிக்கை வாரியம் சான்றிதழை மறுபரிசீலனைக்கு எடுத்ததால் விழா முடியும்வரை அது திரையேறவில்லை. அந்தப் படம் அதே ஆண்டு தொடக்கத்தில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் உயரிய புலி விருதை வென்றிருந்தது.

ராட்டர்டாம் என்ற பெயர் தமிழருக்கு அறிமுகமானது நான்கு ஆண்டுகள் கழித்து. மதுரை மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த பி.எஸ். வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் அதே புலி விருதைப் பெற்றது. அந்த விருதை வென்ற முதல் தமிழ்ப் படம் அது. குடிகாரத் தகப்பனும் சிறுவனும் வறண்ட நிலத்தின் வெயிலில் நடப்பதே 75 நிமிடப் படத்தின் பெரும்பகுதி. இதற்கு முன் 2014இல் 'காக்கா முட்டை' டொரன்டோவிலும், 2015இல் 'விசாரணை' வெனிஸிலும் காட்டப்பட்டன. ஆனால் அவை விழாவிலிருந்து திரும்பித் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தன. 'கூழாங்கல்' 2021 நவம்பரில் பணஜியில் பனோரமாவில் காட்டப்பட்டது, இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் சென்றது; தமிழ்நாட்டுப் பொதுப் பார்வையாளருக்கு அது கிடைத்தது 2023 அக்டோபரில், இணையவழித் தளம் ஒன்றில்தான். எழுத்தாளர்களான இமையமும் கண்மணி குணசேகரனும் உரைநடையில் எழுதிய, திட்டக்குடியை உள்ளடக்கிய நடுநாட்டின் செம்மண்ணுக்கு அந்தப் படத்தின் நிலம் அயலானதன்று. ஆயினும் அது திட்டக்குடியை எட்டுவதற்கு ராட்டர்டாமை எட்டியதைவிட இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் கூடுதலாகப் பிடித்தது.

இணையத் தளங்களுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் தணிக்கைச் சான்றிதழ் தேவைப்படவில்லை என்பதால் பழைய வேலியின் ஒரு பக்கம் திறந்துகொண்டது. விழாவே அதன் வழியாக வெளியே வந்தும் பார்த்தது. பெருந்தொற்றின் காரணமாக 2020க்குரிய 51ஆம் விழா 2021 ஜனவரி 16 முதல் 24 வரை, அரங்கிலும் இணையத்திலுமாக நடந்தபோது, பதிவுசெய்த பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்த படங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. அந்த ஒன்பது நாட்களிலும் அடையாள அட்டை தேவைப்பட்டது, கட்டணம் இருந்தது, ஒவ்வொரு படத்துக்கும் நேரக் கட்டுப்பாடும் இருந்தது. தேவைப்படாதது பணஜிக்கான பயணம் மட்டும். தொற்று தணிந்தபின் திரையிடல்கள் மாண்டவி ஆற்றங்கரை அரங்குகளுக்கே திரும்பிவிட்டன.